எறும்பு தொடாத பெரணி

மலையோடைக் கரையில் பெரணிச் செடிகள் அடர்ந்து கிடந்தன. அவற்றின் நடுவில் பவளி என்ற மந்தி, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே காட்டுப்பன்றிக் கூட்டம்.

"எழுந்திரு பவளி. இதையெல்லாம் தோண்டிப் போடணும். வைத்தியர் உத்தரவு" என்றது பெரிய பன்றி.

"எழுந்திருக்க மாட்டேன்."

அந்தக் காட்டுக்கு வைத்தியர் கரடியார்தான். எது மருந்து, எது களை என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அவருடைய பரீட்சையும் ரொம்பச் சுலபம். செடியில் ஒரு கிள்ளு கிள்ளி எறும்புப் புற்றருகே போடுவார். எறும்பு மொய்த்தால் மருந்து. மொய்க்காவிட்டால் களை. எந்நேரமும் தேனடையும் கையுமாகத் திரிகிறவருக்கு வேறென்ன தோன்றும்? பெரணியை எறும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் பூவும் இல்லை, காயும் இல்லை. பிடுங்கிவிட்டுப் பூச்செடி வைக்கச் சொல்லிவிட்டார்.

குட்டியின் தொடையில் முள் கிழித்த புண். கரடியார் கொடுத்த பூச்சாற்றைப் பூசினால் எறும்புதான் கூடுதலாக மொய்த்தது. அவள் கூட்டத்தில் புண்ணுக்குப் பெரணித் தண்டை மென்று பூசுவார்கள். அதுவும் போய்விட்டால் குட்டி பிழைக்காது.

சத்தம் கேட்டுக் கரடியாரே வந்துவிட்டார்.

"ஏம்மா, எறும்பே சீந்தாததுல என்ன மருந்து இருக்கும்? புண்ணுக்கு இது எப்படிக் கேக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைப் பிடுங்கச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்தச் செடிக்கு முள்ளு கிடையாது. ஆனா இலையில ஒரு புழு அரிச்ச ஓட்டையைக் காட்டுங்க பார்ப்போம். எறும்பு ஒதுங்குதுன்னா உள்ளே ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"உனக்கு வாய் ரொம்ப நீளம்."

"இருந்துட்டுப் போகட்டும். உங்க பரீட்சையையே உங்க தேன்ல வைப்போம்."

சொன்னவள் அவர் கையிலிருந்த தேனடையைப் பிடுங்கி இரண்டாகப் பிய்த்தாள். ஒரு துண்டில் பெரணியை மென்று துப்பித் தடவினாள். இரண்டையும் எறும்புச் சாரையில் வைத்தாள். வெறும் தேனில் எறும்பு அப்பிக்கொண்டது. பெரணி தடவிய தேன்வரை வந்த எறும்புகள் மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பின.

கரடியார் குனிந்து இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பவளி அவரைப் பார்க்கவும் இல்லை. மிச்சச் சாற்றைக் குட்டியின் புண்ணில் பூசினாள். மொய்த்திருந்த எறும்புகள் இறங்கி ஓடின. விடாமல் சிணுங்கிக்கொண்டிருந்த குட்டி கண்ணயர்ந்தது.

"தோண்ட வேண்டாம், போங்க" என்றார் கரடியார், பன்றிகளிடம்.

கடைசிப் பன்றியின் வால் மறையும்வரை பவளி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சில நாளில் குட்டி கிளைக்குக் கிளை தாவியது.

ஒன்றைப் பற்றி நமக்குத் தெரியவில்லை என்பதால், அதில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது.