தலை வணங்காத தூதன்

முன்னொரு காலத்தில், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு இருந்தது. பெரிய முடிவு எதையும் ஊர்ச் சபைகளைக் கேட்டே எடுப்பதென்று அதன் அரசர் புதிதாகச் சட்டம் செய்திருந்தார். மக்கள் தங்கள் விருப்பத்தை ஓலை நறுக்கில் எழுதிப் பானையில் போடுவார்கள். அமைச்சர் காலிங்கராயருக்கு இது பிடிக்கவில்லை. இந்த யோசனையைச் சொன்ன அரசவை விகடன் விடங்கனை அறவே பிடிக்கவில்லை.

அந்த ஆண்டு வெள்ளம் விதைநெல்லையும் உழவு மாடுகளையும் அடித்துக்கொண்டு போயிற்று. அரசரோ ரோஷக்காரர்.

"அண்டை நாடுகளிலிருந்து உதவி வரவேண்டும். ஆனால் நம் தூதன் எவருக்கும் தலை வணங்கக் கூடாது. வாய் திறந்து கேட்கவும் கூடாது!"

"விடங்கனை அனுப்புங்கள், அரசே. வெறுங்கையோடு திரும்பினால் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார் காலிங்கராயர். அரசரும் சம்மதித்துவிட்டார்.

விடங்கனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளத்தில் அவன் தங்கையின் வயலும் மண்மூடிக் கிடந்தது. 'நம் ஆற்றுத்துறை வழியே படை நடத்த அண்டை நாடுகள் இரண்டும் துடிக்கின்றன; இடம் தரலாமா?' என்று நாட்டின் நாற்பது ஊர்களிலும் கேட்டான். விழுந்த ஓலைகளை ஒரே பானையில் கொட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

கிழக்கு நாட்டு அரசவையில் நிமிர்ந்தபடி வந்து நின்றான். காவலர்கள் வாளை உருவினார்கள்.

"ஏன் வணங்கவில்லை?" என்றார் அந்த அரசர்.

"குனிந்தால் பானை விழும், அரசே. எங்கள் நாற்பது ஊரின் வாக்கு உள்ளே இருக்கிறது. அதைக் கீழே போட எனக்கு உரிமையில்லை."

அரசர் பானையை இறக்கி ஓலைகளைப் படிக்கச் சொன்னார். 'எந்தப் படைக்கும் வழியில்லை. எந்த நாட்டு வணிகருக்கும் தடையில்லை' என்றே பெரும்பாலும் எழுதியிருந்தது.

"மேற்கு நாட்டானுக்கும் இதே பதிலா?"

"இதே பானைதான் நாளை அங்கே போகிறது."

அவர் நீளமாக மூச்சுவிட்டார். "ஒருவன் சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். நாற்பது ஊர் சொல்கிறது, நம்புகிறேன். அது சரி, அங்கே விதைப்பு முடிந்ததா?"

"விதையும் மாடும் ஆற்றோடு போயின, அரசே."

"அதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை?"

"கேட்கக் கூடாதென்பது எங்கள் அரசர் கட்டளை. கேட்டால் பதில் சொல்லக் கூடாதென்று அவர் சொல்லவில்லை."

அரசவை குலுங்கிச் சிரித்தது. விதைநெல் வண்டிகள் கிளம்பின. மறுநாள் அதே பானையோடு விடங்கன் மேற்கே போனான். கிழக்கின் உதவியைக் கேள்விப்பட்ட மேற்கு நாட்டு அரசர், தாம் மட்டும் குறைந்துபோவதா என்று முந்நூறு காளைகளை அனுப்பினார்.

"இவன் காலில் விழுந்து கெஞ்சியிருப்பான்!" என்று, வண்டிகளோடு விடங்கன் ஊர் திரும்பியதும் காலிங்கராயர் கத்தினார்.

"கெஞ்சினாரா? கழுத்தையே அசைக்கலீங்க சாமி!" என்றார் கிழக்கத்தி வண்டிக்காரர் ஒருவர்.

மேற்கத்திக் காளைகள் புது ஆட்களுக்கு அடங்கவில்லை. ஓட்டிவந்தவர்களே ஏர் பூட்டி உழுதார்கள். பின்னாலேயே கிழக்கத்தி வண்டிக்காரர்கள் விதை தூவினார்கள். பகையாளிகள் ஒரே வயலில் நடப்பதை வரப்பில் நின்று பார்த்த அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்கு அணிவித்து, "இனி இந்நாட்டின் தூதன் நீதான்" என்றார்.