ஆரோக்கியத் திருவிழாவும் வாசல் சங்கும்

ஒரு காலத்தில் நீலவரை என்ற நாட்டை மகுடவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் மனசில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

பக்கத்து நாட்டுத் தேர்த் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நம் சத்திரங்களில் பல்லிதானே குடியிருக்கிறது என்று சபையில் குறைபட்டுக்கொண்டார்.

உத்தமராயர் எழுந்தார். சபையில் இரண்டாவது ஆசனம் அவருடையது. முதல் ஆசனம் மந்திரி பூவராகருக்கு. நடுவில் இருந்த அந்த ஒரு முழம்தான் ராயருக்குப் பல வருஷத்து வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, தேர் எல்லா ஊரிலும் இருக்கிறது. நாம் ஆரோக்கியத் திருவிழா நடத்துவோம். நீலவரைக்கு வந்தால் நோய் போகும் என்று நாலு தேசத்திலும் தண்டோரா போடுவோம். தாங்களே தினமும் விடியற்காலையில் தாமரைக் குளத்தில் முங்கி எழுந்து காட்ட வேண்டும். இன்றைக்கே ஆரம்பித்தால் நல்லது."

ராஜாவின் முகம் மலர்ந்தது. ராயர் மிச்சத்தையும் சொன்னார். ஆரோக்கிய நாடு என்று பெயர் வாங்கிவிட்டு உள்ளே ஒருவர் இருமினால் மானம் என்ன ஆவது? அதனால் விழா முடியும்வரை நோயாளிகள் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பழைய யானைக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். நோயாளி யார் என்று கண்டுபிடிக்கவும் அவரிடம் வழி இருந்தது. விருந்தாளி கோட்டை வாசலை மிதித்தால் காவலர்கள் சங்கு ஊதி வரவேற்பது நீலவரை வழக்கம். இனிமேல் அந்தச் சங்கை வருகிறவரே ஊத வேண்டும். ஒலித்தால் உள்ளே, ஒலிக்காவிட்டால் அக்கரை. நகரத்தாருக்கும் அதே சோதனை.

"மந்திரியார் வீட்டிலிருந்தே தொடங்கலாம்," என்று பணிவாக முடித்தார்.

மந்திரியின் மனைவி கோமளவல்லிக்கு மழைக்காலம் வந்தால் இழுப்பு என்பது ஊரறிந்த விஷயம். அப்போது ஐப்பசி. பூவராகரின் மனசு அந்தக் கொட்டகையில் போய் நின்றது. ஒழுகும் கூரை, ஈரத் தரை, நாலு பக்கமும் ஆற்றங்காற்று. எதிர்த்துப் பேசலாம்தான். ஆனால் எதிர்த்துப் பேசினால் ராஜாவின் சட்டம் இன்னும் நீளும் என்பது அவர் பட்டு அறிந்தது. "உத்தரவு, மகாராஜா," என்றார்.

மத்தியானமே சங்கு வீட்டுக்கு வந்தது. கோமளவல்லி ஊதினாள். காற்றுதான் வந்தது.

"ஏங்க, ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேன், கோமளம்."

"என்ன சொன்னீங்க?"

"உத்தரவுன்னு சொன்னேன்."

அவள் கம்பளியை மடித்தாள். "நல்லா பாக்கிறீங்க மந்திரி உத்தியோகம்."

அவர் சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் மூட்டையில் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் சபையில் அவருக்குத் திடீரென்று விழாவில் அக்கறை வந்துவிட்டது. நோயே இல்லாத நகரத்தில் வைத்தியர் நடமாடினால் வெளியூர்க்காரன் சந்தேகப்படுவானே என்றார். வாஸ்தவம் என்று ராஜா அரண்மனை வைத்தியரை அக்கரைக்கு அனுப்பினார். கஷாய வாடை வந்தால்? பானைகளும் மூலிகைகளும் விறகும் பின்னாலேயே போயின. கூரை ஒழுகி, அங்கே இருப்பவர்கள் நனைந்து தும்மினால் இக்கரைக்குக் கேட்குமே? கூரையையும் புதிதாக வேய்ந்தார்கள்.

"இன்னும் ஒன்று," என்றார் பூவராகர். "சங்குச் சோதனையில் யாருக்காவது விலக்கு உண்டா, ராயரே?"

"கிடையவே கிடையாது. மகாராஜா முதல் மாடு மேய்க்கிறவன் வரை ஒரே சட்டம்."

ராஜாவும் பெருமையாகத் தலையாட்டினார்.

விழா நாள் வந்தது. சாலை நிறைய வண்டிகள். ராஜா உப்பரிகையில் உட்கார்ந்து சங்கொலிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உச்சிப் பொழுதில் ஒரே ஒரு சங்கு ஒலித்தது. ராஜா மாலையோடு ஓடினார். வந்தவன் காணாமல்போன காளையைத் தேடிவந்த குடியானவன். குளத்தைப் பார்த்தான், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றான், காளை இந்தப் பக்கம் வரவில்லையே என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டான்.

"வந்த கூட்டமெல்லாம் எங்கே, மந்திரியாரே?"

"அக்கரையில் இருக்கிறார்கள், மகாராஜா. நோய் போகும் என்று தண்டோரா போட்டோம். நோய் உள்ளவர்கள் வந்தார்கள். இருமல், இழுப்பு, நெஞ்சுச் சளி. ஒருவராலும் சங்கை ஊத முடியவில்லை."

ஆற்றுக்கு அப்பால் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சிரிப்புச் சத்தமும் கேட்டது. இங்கே சபையில் ஈ பறந்தால் கேட்கும்.

அப்போது ராஜா தும்மினார். ஐப்பசிக் குளிரில் தினமும் குளத்தில் முங்கினால் வேறென்ன வரும்?

"தும்மியது பட்டத்து யானை, மகாராஜா," என்றார் உத்தமராயர்.

ராஜா மறுபடியும் தும்மினார்.

"யானைதான்," என்றார் ராயர், குரல் கொஞ்சம் இறங்கி.

பூவராகர் சங்கை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். ராஜா வாங்கி ஊதினார். காற்றுதான் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கரைக் கொட்டகையில் கோமளவல்லி ராஜாவின் தலையில் கம்பளியைப் போர்த்தி, கொதிக்கும் பானைமுன் ஆவி பிடிக்க உட்காரவைத்தாள். "கண்ணை மூடிக்குங்க மகாராஜா, எரியும்," என்றாள். அவளுடைய இழுப்பு பாதி அடங்கியிருந்தது. கம்பளிக்குள்ளிருந்தே ராஜா புதுச் சட்டம் போட்டார். இனி திருவிழா இந்தக் கொட்டகையில்தான். சங்கு ஊத முடியாதவருக்குத்தான் இங்கே இடம்.

"மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"என் மனைவியிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சபையில் வாயைத் திறந்தேன் என்று."

ராஜா சொன்னார். "அதான் கூரையைப் பார்த்ததுமே தெரிஞ்சுதே," என்றாள் கோமளவல்லி.

ராஜா போன இடத்துக்கே சபையும் போய்விட்டது. உத்தமராயரும் ஓடம் ஏறி வந்தார். கொட்டகை வாசலில் காவலன் சங்கை நீட்டினான். ராயர் தோளைக் குறுக்கி, ஒரு பொய் இருமல் இருமி, உதட்டோரத்தால் மெல்ல, மிக மெல்ல ஊதினார். சபையில் உரக்கப் பேசியே பழகிய நெஞ்சு. சங்கு கணீரென்று ஒலித்தது.

காவலன் கைகூப்பினான். "ஆரோக்கியமானவங்களுக்கு எதிர்க்கரை, ஐயா. குளம் காலியாத்தான் கிடக்குது."