ஓரகத்தி வீட்டு அரிசிப் பானை

ராஜாக்கள் தாங்களே வீட்டு வாசலுக்கு வந்து வழக்குத் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஆலங்கரை என்ற ஊரில் ஓர் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி செங்கமலம். தம்பி பெண்டாட்டி மருதாயி. இந்தக் கதை அந்த ஓரகத்திகளின் கதைதான். ஆண்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை, அவர்கள் வயலிலேயே இருக்கட்டும்.

இரண்டு வீட்டுக்கும் வயல் பொது. தை மாதம் அறுவடையானால் நெல்லைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அங்கேயும் இரண்டு பிள்ளைகள், இங்கேயும் இரண்டு பிள்ளைகள். ஆனால் பாருங்கள், ஆடி பிறந்தால் செங்கமலம் அரிசிப் பானைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கும். மருதாயி வீட்டிலோ அடுத்த தை வரைக்கும் அரிசி இருக்கும்.

வேறு வழியில்லாமல் செங்கமலம் படியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கடன் கேட்கப் போவாள். மருதாயி சிரித்த முகத்தோடு படியைக் கோபுரமாகக் குவித்து அளந்து கொடுப்பாள். "பிள்ளைங்களுக்கு வேணுங்கறப்போ வாங்கக்கா" என்பாள். அதைத்தான் செங்கமலத்தால் தாங்க முடியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். குவித்துக் கொடுத்தால் என்ன செய்வது? அந்த அரிசி உலையில் கொதிக்கும்போது அவள் வயிறும் சேர்ந்து கொதித்தது.

'அதே வயல், அதே நெல். இவளுக்கு மட்டும் எப்படி மிஞ்சுகிறது?' என்று யோசித்தாள். யோசித்து யோசித்துக் கொல்லைச் சுவரோரம் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் தடவை எட்டிப் பார்த்தாள். மருதாயி உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்ததும் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, தனியாக இருந்த சின்னப் பானையில் போட்டாள். 'அளந்ததை யாராவது திரும்ப எடுப்பார்களா? ஏதோ மந்திரம் செய்கிறாள்' என்று செங்கமலம் நினைத்தாள்.

இரண்டாம் தடவை எட்டிப் பார்த்தாள். மருதாயி நிழலில் உலர்ந்த வேப்பிலையைச் சருகாக அள்ளிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் போட்டாள். 'வேப்பிலையா! மந்திரமேதான்' என்று செங்கமலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை எட்டிப் பார்த்தாள். மருதாயி செம்மண்ணைக் கரைத்து, நல்ல துவரையில் ஊற்றிப் பிசறி, வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். செங்கமலம் உரலிலிருந்து கீழே விழாத குறை. தின்கிற பண்டத்தில் மண்ணைப் பூசுகிறாளே, எதற்கு? கொஞ்ச நேரத்தில் அவளுக்கே விடை கிடைத்துவிட்டது. 'திருட்டுத் துவரை! ராஜாவின் களஞ்சியத்துத் துவரை! அடையாளம் தெரியக் கூடாது என்று மண் பூசி மறைக்கிறாள்!'

பொறாமைப்படுகிறவர்களுக்கு இப்படித்தான் எல்லாம் சட்டென்று விளங்கிவிடும். ஒரு வார்த்தை, "எதுக்குடி இது?" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் கெட்டிக்காரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே! அதற்குப் பதிலாகச் செங்கமலம் நேராக அரண்மனைக்குப் போனாள்.

ராஜா எல்லாவற்றையும் கேட்டார். ஆலங்கரை ராஜா நியாயமானவர், ஆனால் அரண்மனையில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. மருதாயியை வரவழைத்து விசாரித்தார்.

"வண்டு விழாம இருக்கத்தான் ராஜா மண்ணு கட்டி வெக்கறேன். நான் திருடலை" என்றாள் மருதாயி.

"திருடினதை யாரு ராஜா ஒத்துக்குவாங்க?" என்றாள் செங்கமலம்.

ராஜா தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "களஞ்சியத்துக்கு இன்றைக்கே முத்திரை வைக்கிறேன். உங்கள் வீடுகளில் இப்போது இருக்கும் அரிசி பருப்பை அரண்மனைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் தை வரைக்கும் ஒரே அளவு அரிசியும் பருப்பும் கொடுக்கிறேன். நீங்கள் வீட்டை மாற்றிக்கொள்ளுங்கள். செங்கமலம், நீ அவள் வீட்டில் குடியிருந்து, ஒளித்துவைத்தது ஏதாவது இருந்தால் தேடிப் பார். தை பிறந்ததும் வருவேன். அன்றைக்கு மருதாயியின் பானை காலியாக இருந்தால், இத்தனை நாள் திருடித்தான் மிச்சம் காட்டினாள் என்று பொருள். அவள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். பானையில் அரிசி இருந்தால் நீ பொய் சொன்னவள். நீ போக வேண்டும்."

செங்கமலம் குதிக்காத குறையாக வீடு மாறினாள். உள்ளே போனதும் தேட ஆரம்பித்தாள். பரணில் தேடினாள், ஒன்றும் இல்லை. அடுப்படியில் தேடினாள், ஒன்றும் இல்லை. தரையைக்கூடக் கடப்பாரையால் குத்திப் பார்த்தாள். மண்ணுக்கடியில் மண்தான் இருந்தது.

பானைகளில் கிடந்தவை வேப்பஞ்சருகும், நாலைந்து வசம்புத் துண்டுகளும், காய்ந்த மிளகாயும். "வீடா இது, குப்பைமேடா!" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் வாரிக் கொல்லையில் கொட்டினாள். பானைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவிய ஈரம் காயும்வரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? அப்படியே ராஜா கொடுத்த அரிசியைக் கொட்டி மூடி வைத்தாள். பளபளவென்று இருந்த பானைகளைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மூடியைத் திறந்தால் குப்பென்று பூசண நாற்றம். பாதி அரிசி கட்டிகட்டியாகப் பச்சை பூத்திருந்தது. மீதிப் பாதியில் வண்டு. சும்மா ஒன்றிரண்டு இல்லை, பானைக்குள் ஓர் ஊரே குடியிருந்தது.

செங்கமலத்துக்கு அழுகை வந்தது. அழுகையோடு இன்னொன்றும் வந்தது. 'என் பானை இப்படியானால் அவள் பானை மட்டும் நன்றாக இருக்கலாமா? அதுவும் கெட்டால் தை பிறக்கும்போது காலிதான். அவள்தான் ஊரைவிட்டுப் போவாள்.' இந்த நினைப்பு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

வண்டு அரிசியை முறத்தில் அள்ளி, முந்தானையால் மூடிக்கொண்டு, மருதாயி ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்துக் கொல்லைப்புறமாக நுழைந்தாள். தன்னுடைய பழைய வீடுதானே, வழி தெரியாதா என்ன? உள்ளே பானைகள் வரிசையாக உலர்ந்து நின்றன. ஒன்றைத் திறந்தாள். அரிசி மல்லிகை மொட்டுப்போல இருந்தது, மேலே வேப்பஞ்சருகு. முறத்தைச் சரிக்கப் போனாள்.

"அக்கா?"

வாசலில் இடுப்புக் குடத்தோடு மருதாயி நின்றிருந்தாள். மருதாயி குடத்தை இறக்கிவைத்துவிட்டு அருகே வந்தாள், முறத்தைப் பார்த்தாள்.

"அடடா, வண்டு விழுந்துடுச்சா? இதைக் கேக்கவா இந்த மழையில வந்தீங்க? ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்திருப்பேனே!"

அவளுக்கு வேறு நினைப்பே வரவில்லை. செங்கமலத்துக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது.

மருதாயி முறத்தை வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "இதை நல்ல வெயில்ல போட்டுடாதீங்க அக்கா, சோறு வடிக்கும்போது குருணையா நொறுங்கிடும். வெளிச்சமான நிழல்ல பரப்பி வைங்க, வண்டு தானா ஓடிரும். பானையைக் கழுவினா ரெண்டு நாள் காயவிடணும். வேப்பிலையும் சருகாத்தான் போடணும், பச்சையாப் போட்டா அதுவே ஈரம். பருப்புக்கு வசம்பு, மிளகாய். துவரையை அடுத்த வருசத்துக்கு வெக்கறதா இருந்தா செம்மண்ணு கட்டிக் காய வெக்கணும். அப்புறம் உலைக்கு அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாப் போட்டுருங்க. அந்த ஒரு பிடி சோத்துல தெரியவே தெரியாது. பஞ்ச மாசத்துலதான் தெரியும்."

இவ்வளவுதானா? எந்த ரகசியத்துக்காகச் செங்கமலம் இத்தனை நாள் தூக்கம் கெட்டாளோ, அதை இவள் குடத்துத் தண்ணீர் சிந்துவதுபோலச் சிந்திவிட்டாளே!

அதோடு விடவில்லை மருதாயி. செங்கமலம் இருந்த வீட்டுக்கு வந்து பார்த்தாள், பூசணம் பிடித்த பானையை முகர்ந்தாள், முகம் சுருங்கியது. "இது மாட்டுக்குக்கூட ஆகாதக்கா" என்றாள். போய்த் தன் அரிசிப் பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிடி அரிசி போட்ட சின்னப் பானையையும் விடவில்லை.

"உனக்கு?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கேப்பை கொஞ்சம் இருக்கு. கூழ் காய்ச்சிக் குடிச்சுக்குவோம். உங்க சின்னவனுக்குக் கூழ் ஒத்துக்காதே, வாந்தி எடுப்பானே."

"ராஜா வருவாரேடி!"

"வந்தா வரட்டும். அதுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடறதா?"

இந்த இடத்தில் செங்கமலம் மனம் திருந்திக் காலில் விழுந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. அவள் அந்த அரிசியை வாங்கிக்கொண்டாள், உலை வைத்தாள், பிள்ளைகளுக்குப் போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து கூழ் வாசனை வந்தபோது அவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. 'நிறைந்திருந்தபோதும் இவள்தான் உசத்தி, காலியானபோதும் இவள்தான் உசத்தியா?' என்று பொருமினாள். இருந்தாலும் அளக்கும்போது கை தானாக ஒரு பிடியைத் திரும்ப எடுத்துப் போட்டது.

தை பிறந்தது. ராஜா வந்தார், பின்னால் ஊரே வந்தது.

செங்கமலத்தின் பானையைத் திறந்தார்கள். அரிசி இருந்தது. மருதாயியின் பானையைத் திறந்தார்கள். காலி. இன்னொன்றைத் திறந்தார்கள், அதுவும் காலி. எல்லாம் காலி.

"என்னம்மா இது?" என்றார் ராஜா.

மருதாயி செங்கமலத்தைப் பார்க்கவே இல்லை. "தீந்து போச்சு ராஜா" என்றாள், அவ்வளவுதான்.

கூட்டத்தில் "திருடி" என்று யாரோ சொன்னார்கள். ராஜா பெருமூச்சு விட்டார். "சொன்ன சொல் சொன்னதுதான். பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விடு" என்றார். மருதாயியின் பெண்குழந்தை ஒன்றும் புரியாமல், தான் விளையாடும் சொப்புகளைத் துணியில் கட்ட ஆரம்பித்தது.

செங்கமலம் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இனி குவித்துக் கொடுக்கும் படி இல்லை, அந்தச் சிரித்த முகம் இல்லை. ஆனால் அந்தச் சொப்புகளைப் பார்த்ததும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"நிறுத்துங்க ராஜா!" என்று கத்தினாள். "என் பானையில இருக்கறது அவ அரிசி! என் அரிசி அழுகிப் போச்சு. அவதான் தன்னோடதைக் கொண்டுவந்து கொட்டினா. அவ கூழு குடிச்சா, நாங்க சோறு தின்னோம். அவ திருடலை. வயித்தெரிச்சல்ல நான்தான் பழி போட்டேன்!"

"அப்படியானால் போக வேண்டியது நீதான்" என்றார் ராஜா.

"அதெப்படிங்க?" என்று மருதாயி குறுக்கே வந்தாள். "என் பானையில அரிசி இருந்தாத்தான் அக்கா போகணும்னு சொன்னீங்க. என் பானை காலி. நீங்களே பாத்தீங்க. சொன்ன சொல் சொன்னதுதானே ராஜா?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுச் செங்கமலத்தைப் பார்த்தார். "சரி, நீ போக வேண்டாம். ஆனால் தண்டனை உண்டு. ஊரில் ஒரு வீடு விடாமல் போக வேண்டும். வண்டு விழாமல் அரிசி வைப்பது எப்படி, பருப்பு வைப்பது எப்படி, பிடி அரிசி எடுப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் 'இது என் ஓரகத்தி மருதாயி சொன்னது' என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்."

ஊரைவிட்டுப் போகச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முதல் வீட்டில் செங்கமலம் அந்தப் பெயரை இருமிக்கொண்டே சொன்னாள். முதல் தெரு முழுக்க முணுமுணுத்தாள். இரண்டாம் தெருவுக்குத் திரும்பும்போது முதல் தெருக்காரி ஒருத்தி ஓடி வந்து, "போன வாரம் நீ சொன்னபடி செஞ்சேன், ஒரு வண்டு இல்லை!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தெருவில், "யாரு சொன்னா இதை?" என்று கேட்பதற்கு முன்னாலேயே அவள் மருதாயி பெயரைச் சொல்லிவிட்டாள்.

கடைசியில் ஒரே ஒரு வீடு மிச்சம் இருந்தது. ராஜா ஒரு வீடு விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே! செங்கமலம் மருதாயியின் வாசலில் போய் நின்றாள். முகம் சிவந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது என் ஓரகத்தி மருதாயி சொன்னது. பானையைக் கழுவினா ரெண்டு நாள் காயவிடணும்..."

மருதாயி கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து இப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோலக் கண்ணை விரித்தாள்.

"அப்படியாக்கா? அப்புறம் என்ன செய்யணும்?"

செங்கமலத்தால் மேலே சொல்ல முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டில் மிஞ்சுவதைக் கண்டு பொறாமைப்பட்டு நம் வீட்டைக் கெடுத்துக்கொள்வதைவிட, எப்படி மிஞ்சுகிறது என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.