கரடி வாங்கிய யானைக் காற்று

பாறைகள் நிறைந்த ஒரு காட்டில், கரடி ஒன்று தன் குட்டியோடு குகையில் குடியிருந்தது. அந்தக் காட்டிலேயே பெரிய வீடு தன்னுடையதுதான் என்று அதற்கு ஒரே பெருமை. முன்னால் ஒரு வாசல், மேற்குப் பக்கம் ஒரு பெரிய பொந்து. மழைக்காலத்தில் குட்டி பட்டினி கிடக்கக் கூடாதே என்று, ஒரு மூலை நிறைய விளாம்பழம் சேர்த்து வைத்திருந்தது.

சித்திரை வெயில் வந்தது. மத்தியானமானால் குகை அடுப்பாகக் கொதித்தது. குட்டி புழுக்கம் தாங்காமல் அழுதது.

பெரிய வீட்டுக்குப் பெரிய விசிறிதானே வேண்டும்? கரடி யானையைக் கூப்பிட்டது.

"யானைத் தம்பி, தினம் மத்தியானம் வந்து உன் காதால வீசிட்டுப் போறியா? என்ன வேணும் உனக்கு?"

"நாலு விளாம்பழம் போதும், அக்கா." தீனி என்றால் யானைக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

யானை எங்கே நின்று வீசியது தெரியுமா? மேற்குப் பொந்துக்கு வெளியே, சுடுகிற பாறையின் மேல். பாறையின் அனலெல்லாம் நேராகக் குகைக்குள் வந்தது. குட்டி இன்னும் பலமாக அழுதது.

"காத்து போதலை, தம்பி. வேகமா வீசு!"

"வேகமா வீசணும்னா எட்டுப் பழம், அக்கா."

"எட்டே எடுத்துக்கோ!"

கெட்டிக்காரக் கரடிதான்! யானை வேகமாக வீச வீச, குகை வேகமாகக் கொதித்தது.

பத்தே நாளில் மூலை காலி. மூன்று பழம்தான் மிச்சம். மழை பிடித்துக்கொண்டால் குட்டிக்கு எதைக் கொடுப்பது?

அப்போது பக்கத்து வளையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. அங்கே கீரி குடியிருந்தது. இந்த வெயிலில் இப்படி ஒரு தூக்கமா?

"ஓகோ! நான் பழம் கொடுத்து வாங்குற காத்தை, இவன் சுவர்ல ஓட்டை போட்டு ஓசியிலே உறிஞ்சுறான்!" என்று கரடி கோபமாக ஓடி, கீரியின் வளைக்குள் தலையை விட்டது. உள்ளே ஜில்லென்று இருந்தது. சந்தேகமே இல்லை, திருட்டுக் காற்றேதான்!

"டேய் கீரி! என் காத்தை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?"

கீரி கண்ணைக் கசக்கியது. "உங்க காத்தா? தேடிப் பாருங்கக்கா. கிடைச்சா எடுத்துட்டுப் போங்க."

கரடி சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தது. ஒரு ஓட்டைகூட இல்லை. வளையின் மேற்குப் பக்கம் இருந்த பொந்தைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தது கீரி. வாசலில் வெட்டிவேர்த் தட்டி ஒன்று ஈரத்தோடு தொங்கியது.

"அந்தப் பொந்து வழியா வெயில் வந்துச்சு, அடைச்சிட்டேன். காலையிலயும் சாயங்காலமும் தட்டியைத் தூக்கி விடுவேன். வெயில் ஏறினா இறக்கிட்டு, ஓடைத் தண்ணியைத் தெளிப்பேன். அவ்வளவுதான்க்கா."

"இதுக்கு எத்தனை பழம் கொடுத்தே?"

"மண்ணும் வேரும் ஓடைக்கரையில சும்மாதானே கிடக்கு!"

கரடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திட்ட வந்த வாயால் நன்றி சொல்ல முடியுமா? "உன்னுது சின்ன வீடு, அதான்" என்று முணுமுணுத்துவிட்டு, நேராக ஓடைக்கரைக்கு ஓடியது.

மறுநாள் மத்தியானத்துக்குள் பொந்தை அடைத்து, வாசலில் தட்டியும் கட்டிவிட்டது. குட்டி அழவில்லை. சுருண்டு படுத்துத் தூங்கியது.

யானை வந்து பொந்தைத் தேடியது. "அக்கா, நான் எங்கே நின்னு வீசுறது?"

"வீசவே வேணாம், தம்பி."

யானைக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டியை விலக்கித் தும்பிக்கையை உள்ளே நீட்டியது. ஆகா, என்ன குளிர்ச்சி! பாவம், பத்து நாளாக அதுவும் சுடுபாறையில் வெந்துகொண்டுதானே இருந்தது?

"அக்கா... மத்தியானம் மட்டும் தும்பிக்கையை இங்கே வெச்சுக்கட்டுமா?"

"தாராளமா வெச்சுக்கோ. வரும்போது மட்டும் வெறும் தும்பிக்கையோட வராதே!"

அடுத்த நாளிலிருந்து யானை விளாம்பழத்தோடுதான் வந்தது.

நீதி: குளிர்ச்சியை விலை கொடுத்து வாங்கும் முன், வெயில் நுழையும் வழியை அடை.