சிரிப்பான் குருவிக்குப் பெண் பார்த்த கதை

இரண்டு மலைகளையும் அவற்றுக்கு நடுவே ஒரு கணவாயையும் சிங்கம நாயகர் என்ற ராஜா ஆண்டுவந்தார். அரண்மனை வடமலை உச்சியில் இருந்தது. தோட்டத்துக் கூண்டில் ஓர் ஆண் சிரிப்பான் குருவி. விடிந்தால் பாட ஆரம்பிக்கும். துணையில்லாமல் பாடுகிறதே என்று ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. குருவி பிடிக்கும் சடையனை வரவழைத்தார்.

"இதற்கு ஒரு பெட்டை கொண்டு வா."

பக்கத்தில் இருந்த அரண்மனைச் சோதிடர் தாண்டவராயர், "தெற்கே போ. இந்த மாதம் தெற்குதான் சுபம்" என்றார்.

"சாமி, தென்மலைக் குருவி வேற..." என்று ஆரம்பித்தான் சடையன்.

"உன்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை."

சடையன் தென்மலைக்குப் போய் ஒரு பெட்டையைக் கொண்டுவந்தான். சோதிடர் இரண்டு குருவிகளுக்கும் ஜாதகம் கணித்தார். பத்துப் பொருத்தமும் பிரமாதம் என்றார்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஆண் தொண்டை கட்டும்வரை பாடியது. பெட்டை முதுகைக் காட்டிக்கொண்டு புழு தின்றது. முட்டை இல்லை.

"ஜாதகத்தில் குற்றமில்லை மகாராஜா. சடையன் மலட்டுப் பெட்டையைக் கொண்டுவந்து ஏமாற்றிவிட்டான்" என்றார் சோதிடர்.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. சடையனைச் சிறையில் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் முட்டை இல்லாவிட்டால் அவன் கட்டைவிரலை வெட்டிவிடச் சொன்னார். கட்டைவிரல் போனால் கண்ணி கட்ட முடியாது, அடுப்பும் எரியாது. சடையன் பெண்சாதி பேச்சி ஓடிப்போய் விகடகவி கொழுந்தப்பரிடம் அழுதாள். அவர் சிறைக்குப் போய்ச் சடையன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. கொழுந்தப்பர் ஓர் அரபு நாட்டுக் குதிரை வியாபாரியோடு சபைக்கு வந்தார். வியாபாரி நேரே சோதிடரிடம் போனார். நெஞ்சில் கை வைத்து, தன் பாஷையில் குழைவாக ஏதோ கேட்டார். மூன்று தடவை கேட்டார். சோதிடர் விட்டத்தைப் பார்த்தார்.

"என்னய்யா கேட்கிறார்?" என்று கொழுந்தப்பரிடம் கேட்டார் ராஜா.

"'என் வெள்ளைக் குதிரையை உமக்கு இனாமாகத் தருகிறேன், சம்மதமானால் தலையாட்டும்' என்கிறார் மகாராஜா."

சோதிடர் வேகமாகத் தலையாட்டினார்.

"நேரம் கடந்துவிட்டது" என்றார் கொழுந்தப்பர். "மகாராஜா, சோதிடர் செவிடில்லை. இனாம் வேண்டாம் என்பவரும் இல்லை. ஆனால் பாஷை புரியவில்லை. அந்தப் பெட்டையும் மலடில்லை. அதற்கு மாப்பிள்ளையின் பாட்டு புரியவில்லை."

"இரண்டும் சிரிப்பான்தானே?"

சடையனை அழைத்துவந்தார்கள். "ஒரு காலத்துல ஒண்ணாத்தான் இருந்திருக்கும் மகாராஜா. இது குளிர்ல வாழுற குருவி. நடுவுல கணவாய் அனலாக் கொதிக்குது. இதும் அங்க போகாது, அதும் இங்க வராது. எத்தனை ஆயிரம் தலைமுறையோ! இங்க பாட்டு கொஞ்சம் மாறிச்சு, அங்க புருவத்து நிறம் மாறிச்சு. மாறி மாறி இப்ப ரெண்டும் வேற வேற இனமாப் போச்சு. பாட்டும் சேரல, ஜோடியும் சேரல."

ராஜா சடையனை விடுதலை செய்தார். வடமலையிலேயே ஒரு பெட்டை தேடச் சொல்லி, கையில் தங்கக் காப்பும் போட்டார். பிறகு சோதிடர் பக்கம் திரும்பினார்.

"தெற்குதானே சுபம்? அந்தப் பெட்டையைத் தென்மலையில் கொண்டுபோய் நீரே விட்டு வாரும். நடந்து போம்."

சோதிடர் கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கொழுந்தப்பர் சபை வாசல்வரை கூடவே போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"சுவாமி, அங்கே அதிக நாள் தங்கிவிடாதீர்கள்."

"ஏன், குளிருமா?"

"குளிர் கிடக்கட்டும். தனியாக ரொம்ப நாள் இருந்தால் வேறு இனமாகிவிடுவீர்கள். அப்புறம் நீங்கள் பாடினால் வீட்டம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்."

சபையில் முதலில் சிரித்தது ராஜாதான்.