இஞ்சிப் பச்சடி போடாமப் பிடிச்ச கோட்டை

இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தாராமா? ஏட்டி கோமதி, யாரு சொன்னா உனக்கு? மூணாவது மாடி சங்கரலிங்கமா? 'வயசான ஆச்சி, போனாப் போகுதுன்னு மொட்டை மாடியில வத்தல் காயப்போட விட்டேன்'னு சொல்லிட்டு அலையுதாரா? நல்லா இருக்கே கதை! யுத்தம் பண்ணி வாங்குன மாடிட்டி அது. உக்காரு. வடிவு, நீயும் உக்காரு. காப்பி எங்கயும் ஓடிப்போயிராது.

என் பேத்தி கயல் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது இந்தக் கம்ப்யூட்டர எங்கிட்ட விட்டுட்டுப் போனால்லா? அதுல ஒரு விளையாட்டு. ஒண்ணுமில்லாத காட்டுல நாலு ஆள விடுவான். மரம் வெட்டணும், வயல் போடணும், சந்தை கட்டணும், ஒட்டகத்துல சரக்கு ஏத்தி வியாபாரத்துக்கு அனுப்பணும், படை திரட்டி எதிராளி கோட்டையப் பிடிக்கணும். எல்லாம் ஒரே நேரத்துல. நீ யோசிக்கியேன்னு எதிராளி நிக்க மாட்டான். நாலு அடுப்புல நாலு குழம்பு வச்சவளுக்கு இது ஒரு வேலையா?

சங்கரலிங்கமும் அதே விளையாட்டுதான். இருவத்திரெண்டு வருசம் மிலிட்டரியில இருந்தவரு. அவருக்கு மாடியில தக்காளித் தொட்டி வைக்கணுமாம். என் வத்தலால காக்கா வருதாம். வாக்குவாதம் முத்திப்போயி, 'சரி தம்பி, கம்ப்யூட்டர்ல மோதிப் பாப்போம்'னுட்டேன். அவரு ஜெயிச்சா நான் இனிமே ஆயுசுக்கும் கடை வத்தல்தான் பொரிக்கணும். நான் ஜெயிச்சா மாடி எனக்கு. மழை வந்தா என் தட்டுகள அவரே தூக்கி உள்ள வைக்கணும். எழுவத்தோரு வயசுல கடை வத்தல்! நினைச்சாலே நாக்கு செத்துப்போகுது.

அவரு மேல, நான் கீழ. அரைமணி நேரத்துல அவருகிட்ட எரநூறு குதிரை, அம்பது யானை. எங்கிட்ட மூணே மூணு சிப்பாய். அதுலயும் ஒருத்தனுக்கு முழங்கால் வலி. ஏன்னா இருந்த தங்கத்தையெல்லாம் நான் ஒட்டகத்துலல்லா போட்டேன்! முதல்ல பத்து. அப்புறம் நூறு. அப்புறம் நாலாயிரம்.

சிரிக்காத வடிவு. நாலாயிரத்துல ஒண்ணு குறைஞ்சிருந்தா என் பேர மாத்திக்கிடுதேன். ஒரு மவுசு பத்தல. வலது கைக்கு ஒண்ணு, இடது கைக்கு ஒண்ணு, கால் பெருவிரலுக்கு ஒண்ணு. அரிசி ஒரு பக்கம் போகுது, தேங்காய் ஒரு பக்கம் வருது. சந்தையில ஒட்டகம் ஒதுங்க இடமில்ல. கம்ப்யூட்டர் பின்னால அடிச்ச அனல்ல ரெண்டு தட்டு வத்தல் காய வச்சு எடுத்தேன்னா பாத்துக்கோ.

இங்கன என் சின்ன நாத்தனா கல்யாணத்தச் சொல்லணும். சம்பந்தம் இருக்கு, கேளுட்டி. ஆழ்வார்குறிச்சியில கல்யாணம். மறுநாள் தேங்காப்பால்ல வைக்குற சொதிச் சாப்பாடு. பக்கத்து ஊர்ல வேற ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய பஸ் ஒண்ணு வழி தப்பி நம்ம வாசல்ல வந்து நின்னுட்டு. அறுவது பேரு. எங்க அத்தை, 'வந்தவங்கள எழுப்பாதீங்க, இலையப் போடுங்க'ன்னுட்டா. ஆனா அவ்வளவு தேங்காப்பாலும் செரிக்குறதுக்கு வைக்குற இஞ்சிப் பச்சடி நம்ம ஆளுகளோடயே தீந்துபோச்சு. பச்சடி இல்லாமச் சொதி தின்ன அறுவது பேரும் இலை முன்னாலயே சாஞ்சாங்க. மறுநாள் விடிஞ்சுதான் எந்திரிச்சாங்க. அவங்க போக வேண்டிய கல்யாணத்து மாப்பிள்ளையே அந்த பஸ்லதான் இருந்தாரு! அவரு பாடு அப்புறம் என்னாச்சுங்கது தனிக் கதை.

எங்கன விட்டேன்? ஆங், யானை.

மத்தியானம் சரியா ஒரு மணி. சங்கரலிங்கம் படை என் கோட்டை வாசல்ல வந்து நிக்குது. நான் கதவ இறுக்கி மூடியிருக்கணும். வாசல்ல ஆள் நின்னா 'வாங்க வாங்க'ன்னு சொல்லியே பழகுன கைல்லா? தொறக்குற பொத்தான அமுக்கிட்டேன். மொத்தப் படையும் உள்ள! கடை வத்தல் என் கண்ணு முன்னால பொரியுது.

வந்தவங்கள, அதுவும் சாப்பாட்டு நேரத்துல, பட்டினியாவா திருப்பி அனுப்ப முடியும்? நாலாயிரம் ஒட்டகத்தையும் கூப்பிட்டுச் சரக்க இறக்குனேன். மூணு சிப்பாய் கையிலயும் வாளப் பிடுங்கிட்டுக் கரண்டியக் குடுத்தேன். முதல் பந்தி குதிரைக்காரன், ரெண்டாம் பந்தி குதிரை, மூணாம் பந்தி யானை. யானை இலையவும் சேத்துத் தின்னுருமேன்னு கேக்கியா கோமதி? தின்னுச்சு. ஒவ்வொண்ணுக்கும் பத்துத் தடவ இலை மாத்துனேன். சொதி ஊத்துனேன், உருளைக்கிழங்குக் காரக்கறி வச்சேன். இஞ்சிப் பச்சடிய மட்டும் கண்ணுலயே காட்டல!

முதல்ல சாஞ்சது யானைதான். பின்னாலயே படை மொத்தமும். அதுக விட்ட குறட்டையில எதிர்த்த பிளாட்டுக்காரங்க நிலநடுக்கம்னு ரோட்டுக்கு ஓடிட்டாங்க. சொதி வாசனை மூணாவது மாடிக்கு ஏறி, சங்கரலிங்கமே கையில தட்டோட எறங்கி வந்துட்டாரு. என்னது, கம்ப்யூட்டருக்குள்ள வச்ச சொதி எப்படி வெளிய மணக்கும்னா? அந்தா அது பின்னால ஒரு ஃபேன் சுத்துதே, அது எதுக்கு வச்சிருக்கான்? இப்ப நீ உக்காந்திருக்கியே, அதே நாற்காலியில உக்காந்து மூணு தட்டு சாப்பிட்டுக் கண்ண மூடுனாரு மனுசன்.

அந்த நேரம் பாத்து என் சிப்பாய்க மூணு பேரும் கிளம்புனானுக. முழங்கால் வலிக்காரன் ஒட்டகத்து மேல. அவரு கோட்டையில ஒரே ஒரு காவக்காரன் மட்டும் முழிச்சிருந்து வாள உருவுனான். 'அண்ணாச்சி, உங்களுக்குப் பார்சல்'னு தூக்குவாளிய நீட்டுனானுக. அவன் சாவிய நீட்டிட்டான். கோட்டை நம்ம கையில!

புளுகா? சிப்பாய் சொதி தின்பானா, ஒட்டகம் இப்ப எங்கன்னு கேக்கியா? மத்ததெல்லாம் உள்ள இருக்கு. அந்த முழங்கால் வலிக்காரன் ஏறிப்போன ஒட்டகம் மட்டும் திரும்பிப் போக மாட்டேன்னு வெளிய வந்துட்டு. மாடியில காக்கா விரட்டுது.

சிரி, நல்லாச் சிரி. அந்தா இடிக்குதுல்லா? இப்பக் காதத் தீட்டிக்கிட்டு இரு.

சங்கரலிங்கம் தம்பீ! மழை வருதுப்பா!

கேட்டியா? 'இதோ போறேன் ஆச்சி'ங்காரு. எட்டிப் பாரு. இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மனுசன் எதுக்குட்டி பனியனோட மாடிப்படியில இந்த ஓட்டம் ஓடுதாரு?

தம்பீ! பதினாலு தட்டும் நனையக்கூடாது! அப்படியே தண்ணித் தொட்டிப் பக்கத்துல கட்டிப்போட்டிருக்க அந்த ஒட்டகத்தையும் அவுத்து உள்ள கொண்டாப்பா!