பொற்காது ஏகாம்பரமும் மூவாயிரம் ரூபாய் டாக்கும்

"டிக்" என்று திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த ஏகாம்பரம் முகத்தைச் சுளித்தார். "இது அந்த மூவாயிரம் ரூபாய்க் குப்பை. வீணை தகர டப்பாவுக்குள்ள அழுவுது!"

ஊரில் ஆடியோ கடை வைத்திருந்த எல்லோருக்கும் ஏகாம்பரம் என்றால் நடுக்கம். செல்போனில் இருக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற ஒலியாக மாற்றித் தருகிற டாக் பெட்டிகளில் எது உசத்தி என்று பத்திரிகையில் தீர்ப்புச் சொல்கிற பொற்காது அவருடையது. லட்சத்துக்குக் குறைந்த எதுவும் அந்தக் காதுக்கு ஆகாது. மலிவான டாக்கை ஒரு நர்ஸம்மாவுக்கு விற்றுவிட்டாள் என்பதற்காக, இந்தக் கடையின் விற்பனைப் பெண் ஜெசிந்தாவைத் துரத்தச் சொல்லிச் சற்று முன்புதான் முதலாளியிடம் குதித்திருந்தார். முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

"லட்ச ரூபா பெட்டி, மலிவுப் பெட்டி ரெண்டையும் திரைக்குப் பின்னால மாத்தி மாத்திப் போடுறேன் சார். எது எதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்கன்னா நானே போயிடுறேன்" என்று அப்போதுதான் சவால் விட்டிருந்தாள் ஜெசிந்தா. காதின் பெருமையைக் காட்ட வாய்ப்பு என்றால் மனுஷர் விடுவாரா?

மறுபடி "டிக்".

"ஆஹா! இதான் லட்ச ரூபா! நரம்புல விரல் படுறதுகூடத் தெரியுது பாரு!"

ஜெசிந்தா திரையை விலக்கினாள். மேஜைமேல் மலிவுப் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"லட்ச ரூபா பெட்டி எங்கடி?"

"அதை அட்டைப்பெட்டியிலேர்ந்து இன்னும் எடுக்கவேயில்ல சார்." கையிலிருந்த பேனாவின் தலையை ஒரு தரம் அமுக்கிக் காட்டினாள்; அதே "டிக்". "நீங்க ரசிச்சது இதைத்தான்."

முதலாளி சிரிப்பை அடக்க இருமினார். பொற்காது இரண்டும் செம்பாகச் சிவக்க, ஏகாம்பரம் செருப்பை மாட்டக்கூட மறந்து படியிறங்கினார்.

"நீ வேலையைப் பாரும்மா" என்றார் முதலாளி.

ஜெசிந்தா துணியை எடுத்து, ஸ்பீக்கர்களின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.